திருநெல்வேலிப் பக்கம் சிற்பமும் ஓவியமும் பார்க்க வருகிறவர்களுக்கு

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நெல்லையப்பர் கோயில், கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், குற்றாலம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வேன் பேசிக்கொண்டு வராதீர்கள். போன வருஷம் என் சித்தி மகன் கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு அப்படித்தான் வந்தான், நானும் கூடவே ஏறிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே பேசினால், ஒருவருக்கும் ஒரு சிலையின் முகம்கூட நினைவில் இல்லை. போனில் மட்டும் நானூறு படம் இருந்தது. ஊர்க்காரனான எனக்கு அது பெரிய மனக்கஷ்டமாகப் போய்விட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற பெரிய ஊர்களில் அருங்காட்சியகம், ஓவியக்கூடம், பழைய கட்டடம் எல்லாம் ஒரே தெருவில் இருக்கும், நடந்தே பார்த்துவிடலாம். இங்கே அப்படி இல்லை. தாமிரபரணி எப்படிப் போகிறதோ அப்படியே கலையும் சிதறிக் கிடக்கிறது. ஊருக்குள் டவுனும் பாளையங்கோட்டையும் ஒரு நாள். கிழக்கே திருச்செந்தூர் ரோட்டில் ஒரு நாள். மேற்கே அம்பாசமுத்திரம், குற்றாலம் பக்கம் ஒரு நாள். நேரம் இருந்தால் வடக்கே கழுகுமலைக்குத் தனியாக ஒரு நாள். நான்கு நாள் இல்லையென்றால் ஒரு திசையை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள், மிச்சத்துக்கு இன்னொரு தடவை வரலாம்.

கையில் வேண்டியது அதிகம் இல்லை. ஒரு சின்ன டார்ச், ஒரு கோடு போடாத நோட்டு, பென்சில், தண்ணீர் பாட்டில். பைனாகுலர் இருந்தால் கோபுரம் பார்க்க நல்லது. மதியம் 12 மணிக்கு மேல் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள், இதை மறந்துதான் பாதிப் பேர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு நாளைப் பிரித்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

டவுனில் ஆரம்பியுங்கள், காலை ஆறரை மணிக்கே கோயிலுக்குள் இருங்கள். நெல்லையப்பர் கோயில் என்று ஒரு பெயரில் சொன்னாலும் அது இரண்டு கோயில், சுவாமிக்கு ஒன்று, காந்திமதி அம்மனுக்கு ஒன்று. இரண்டையும் சேர்ப்பது சங்கிலி மண்டபம் என்கிற நீளமான நடை மண்டபம், 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியது. இந்த மண்டபத்தின் ஒரு முனையில் நின்றுகொண்டு மறுமுனையை ஒரு நிமிஷம் சும்மா பாருங்கள். இரண்டு பக்கமும் தூண்கள் வரிசையாகச் சின்னதாகிக்கொண்டே போவதும், இடையிடையே வெளிச்சம் பட்டை பட்டையாக விழுவதும், அதற்குள் பூக்கூடையோடு யாராவது நடந்து வருவதும், இதைப் பார்க்க மட்டுமே சீக்கிரம் எழுந்து வரலாம். பத்து மணிக்கு மேல் கூட்டத்தில் இது கிடைக்காது.

சுவாமி சன்னிதிக்கு முன்னால் மணி மண்டபத்தில் இசைத் தூண்கள் இருக்கின்றன. நடுவில் பெரிய தூண், அதைச் சுற்றி 48 சின்னத் தூண்கள் என்று கணக்கு சொல்வார்கள், எல்லாம் ஒரே கல்லில் குடைந்தவை. பாண்டிய மன்னன் நின்றசீர் நெடுமாறன் கட்டிய மண்டபம் என்பது ஊர் வழக்கு. இங்கே ஒரு வேண்டுகோள். யாராவது வந்து தட்டிக் காட்டட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்களும் நாணயத்தாலோ மோதிரக் கையாலோ தட்டிப் பார்க்காதீர்கள். வருகிற ஒவ்வொருவரும் ஒரு தட்டு தட்டினால் கல் என்ன ஆகும்? சத்தத்தைக் கேட்காவிட்டால் பரவாயில்லை, கண்ணால் பார்ப்பதற்கே அங்கே நிறைய இருக்கிறது. ஒரு சின்னத் தூணுக்கும் பக்கத்துத் தூணுக்கும் இடையில் இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். அந்த இடுக்குக்குள் உளியை எப்படி விட்டான், எந்தப் பக்கத்திலிருந்து அடித்தான், கை வழுக்கி ஒரு கால் உடைந்திருந்தால் மொத்தக் கல்லும் வீண்தானே, அந்த நேரத்தில் அவன் மூச்சை எப்படிப் பிடித்திருப்பான் என்று யோசித்துக்கொண்டே சுற்றி வந்தால் கால் மணி நேரம் போவதே தெரியாது.

கோயிலில் ஒரு தூணைப் பார்த்துக் காலத்தைத் தோராயமாகச் சொல்ல ஒரு எளிய வழி உண்டு, எங்கே போனாலும் உதவும். தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கிக்கொண்டு நான்கு பக்கமும் கை நீட்டின மாதிரி இருக்கிறதே, அதற்குப் போதிகை என்று பெயர். அது வெறுமனே சாய்வாக வெட்டிவிட்ட மாதிரி இருந்தால் பழையது, சோழர், முற்காலப் பாண்டியர் காலத்துப் பாணி. நுனியில் தலைகீழாகத் தொங்கும் வாழைப்பூ மாதிரி மொட்டு இருந்தால் அது விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. இதைத் தெரிந்துகொண்டபின் கோயிலுக்குள் நடக்கும்போது எது முந்தி, எது பிறகு ஒட்டுப்போட்டது என்று உங்களுக்கே புரிய ஆரம்பிக்கும். பழுதுபார்க்கும்போது கல்லை மாற்றியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து யாரோடும் வாதாட வேண்டாம்.

அப்புறம் தாமிர சபை. நடராசருக்குச் சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் ரத்தினம், குற்றாலத்தில் சித்திரம், இங்கே தாமிரம், இப்படி ஐந்து சபை. நெல்லைச் சபையில் நீங்கள் பார்க்க வேண்டியது மர வேலை. கல் தூணைப் பார்த்துவிட்டு உடனே இதைப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும், கல்தச்சன் கல்லில் செய்த பல அலங்காரங்கள் மரத்தச்சனிடமிருந்து போனவை. கல்லில் செய்த கொடுங்கையின், அதாவது கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் பகுதியின், அடிப்பக்கத்தில், மரச் சட்டமும் ஆணியும் இருப்பது போலவே சில கோயில்களில் செதுக்கி வைத்திருப்பார்கள். கல்லுக்கு ஆணி எதற்கு? மரக் கட்டடத்தின் ஞாபகம் அது. வெளியே வந்ததும் தேரோடும் நான்கு ரதவீதியையும் ஒரு சுற்று நடந்துவிடுங்கள், கோயிலும் வீதியும் சேர்ந்துதான் ஒரே திட்டம். சாயங்காலம் டவுனுக்கே திரும்பி வந்தால் அல்வா.

டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போனால் வழியில் இரண்டு பாலம். ஜங்ஷனில் இருக்கும் ஈரடுக்கு மேம்பாலம் 1973-இல் வந்தது, நாட்டிலேயே முதல் ஈரடுக்குச் சாலை மேம்பாலம் அதுதான் என்று சொல்வார்கள். ஆற்றின் மேல் இருப்பது சுலோசன முதலியார் பாலம், 1843. கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த ஒரு மனிதர் தன் கைப்பணத்தைப் போட்டு, ஆற்றைக் கடக்கப் பரிசலுக்குக் காத்துக் கிடந்த ஜனங்களுக்காகக் கட்டியது. மேலே பஸ்ஸில் போகும்போது அது பாலமாகவே தெரியாது. வண்ணார்பேட்டைப் பக்கம் இறங்கிக் கீழே ஆற்றங்கரையில் நின்றால்தான் பழைய 11 வளைவுகளும் தெரியும். நான் முப்பது வருஷம் அதன் மேல் போய்வந்தபின்தான் ஒரு நாள் கீழே இறங்கினேன். நீங்கள் முதல் தடவையே இறங்கிவிடுங்கள்.

பாளையங்கோட்டையில் தேவாலயங்கள்தான் முக்கியம். ஊசிக்கோபுரம் என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள், ரேனியஸ் ஐயர் என்கிற மிஷனரி காலத்தில் 1826-இல் கட்டிய தூய திரித்துவப் பேராலயம் அது. அதைவிட எனக்குப் பிடித்தது சின்னதாக இருக்கும் குளோரிந்தா ஆலயம், 1785. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிராமண விதவை ஞானஸ்நானம் வாங்கிக் கட்டியது, அதனாலேயே பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஜனங்கள் சொல்வார்கள். காலையில் ஆயிரம் தூண்களைப் பார்த்த கண்ணோடு இதற்குள் போய் வெறும் சுண்ணாம்புச் சுவரைப் பாருங்கள். சுவர் எவ்வளவு கனம், ஜன்னல் எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது, வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே எவ்வளவு குளிர்ச்சி, இதெல்லாமும் கட்டடக்கலைதான். அரசு அருங்காட்சியகமும் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. சின்னது, ஒரு மணி நேரம் போதும்.

இரண்டாம் நாள் கிழக்கே. திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி சுமார் 12 கிலோமீட்டரில் கிருஷ்ணாபுரத்தில் இறங்குங்கள். நாயக்கர் காலத்து வெங்கடாசலபதி கோயில், 16-ஆம் நூற்றாண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமான கிராமத்துப் பெருமாள் கோயில் மாதிரிதான் இருக்கும். உள்ளே போனால் ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும் சிலைகள், தூணும் சிலையும் ஒரே கல். நாகாஸ்திரத்தோடு கர்ணன், தாடியோடு தவக்கோலத்தில் அர்ச்சுனன், கரும்பு வில்லோடு மன்மதன், அன்னத்தின் மேல் ரதி, வீரபத்திரர், பீமனும், பாதி மனிதன் பாதி மிருகமான புருஷாமிருகமும். இவற்றோடு சாதாரண மனிதர்களும் உண்டு. இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன், இளவரசனைத் தூக்கிக்கொண்டு போகும் குறத்தி.

இங்கே வந்தவர்கள் செய்கிற தப்பு, ஒவ்வொரு சிலையின் முன்னாலும் பத்து வினாடி நின்று, ஒரு போட்டோ எடுத்து, அடுத்ததுக்குப் போவது. நாங்கள் வேனில் வந்த அன்று அதைத்தான் செய்தோம். இரண்டாவது தடவை சித்தி மகனும் அவன் மகளும் மட்டும் வந்தார்கள், காலை எட்டு மணிக்கு அங்கே போய்விட்டோம். மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, செலையை மொகத்துல இருந்து பாக்காதிய. காலுல இருந்து பாருங்க. மொகத்தைக் கடைசில பாருங்க."

அன்றிலிருந்து நான் அப்படித்தான் பார்க்கிறேன், யார் வந்தாலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். குறவனின் பாதத்தில் ஆரம்பியுங்கள். எந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கிறது, உடம்பின் கனம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். ஆள் கனத்தைத் தூக்கினவன் கெண்டைக்கால் எப்படி முறுக்கியிருக்குமோ அப்படி முறுக்கியிருக்கும். அங்கிருந்து முழங்கால், தொடை, இடுப்புத் துணியின் மடிப்பு, விலா, தோள். முகத்துக்கு வரும்போது அவன் ஓடிக்கொண்டிருப்பது உங்கள் உடம்புக்கே தெரிந்திருக்கும். பிறகு பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாத விரல் நகமும் நரம்பும் நகைக் கோப்பும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு சிலைக்கு இருபது நிமிஷம் என்று வைத்துக்கொண்டு மூன்றே மூன்று சிலையைப் பார்த்துவிட்டு வந்தாலும் போதும்.

காலையில் போகச் சொல்வதற்குக் காரணம் வெயில்தான். சாய்ந்த வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது சின்னக் கீறலுக்கும் ஒரு நிழல் உண்டாகும், செதுக்கியது எல்லாம் மேலே எழுந்து நிற்கும். உச்சி வெயிலிலும் டியூப் லைட்டிலும் அதே சிலை தட்டையாகிவிடும். மண்டபத்துக்குள் வெளிச்சம் போதவில்லையென்றால் டார்ச்சை நேராக அடிக்காமல், பக்கத்திலிருந்து சுவரை ஒட்டினாற்போல அடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சிலையைத் தொட வேண்டாம், கையில் இருக்கும் எண்ணெயும் வேர்வையும் கல்லில் ஏறும். போட்டோ எடுப்பதென்றால் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பூஜை நடக்கும்போது ஒதுங்கி நில்லுங்கள், அது அவர்களுக்கு இன்னமும் சாமி கும்பிடுகிற இடம்.

அதே ரோட்டில் இன்னும் போனால் ஆதிச்சநல்லூர், திருநெல்வேலியிலிருந்து 24 கிலோமீட்டர். இறந்தவர்களைப் பெரிய மண் தாழிகளில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு அது. 1876-இல் ஜாகோர் என்கிற ஜெர்மன்காரர் முதலில் தோண்டினார், அவர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த தங்க நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருட்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஊரில் கிடைத்ததைப் பார்க்க ஊர்க்காரன் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது என்பதில் எனக்கு நீண்ட நாள் வருத்தம். இப்போது கொஞ்சம் ஆறுதல் உண்டு. தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை எடுக்காமல் இருந்த இடத்திலேயே பார்க்கும்படி மத்திய தொல்லியல் துறை செய்திருக்கிறது. கண்ணாடியின் மேல் நின்று கீழே பார்க்கும்போது, இது காட்சிப்பொருள் இல்லை, ஒரு குடும்பம் தங்கள் ஆளைப் புதைத்த இடம் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். தாழியின் வாயை, அதன் விளிம்பில் விரலால் அழுத்தின மாதிரி அலங்காரம் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தில் இவ்வளவு பெரிய பானையை ஒரே தடவையில் வனைய முடியாது, பகுதி பகுதியாகச் சேர்த்துத்தான் செய்ய முடியும்.

ஊருக்குத் திரும்பினால் ரெட்டியார்பட்டி மலைப் பக்கம் பொருநை அருங்காட்சியகம். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று ஆற்றங்கரை ஊர்களின் அகழாய்வுப் பொருட்களுக்காகத் தமிழக அரசு கட்டியது. சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல் உமி பொ.ஆ.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-இல் அறிவித்தார்களே, அந்த ஊர்தான். ஆதிச்சநல்லூரில் குழியைப் பார்த்துவிட்டு இங்கே வருவதுதான் சரியான வரிசை. மண்ணுக்குள் கிடந்ததை முதலில் பார்த்துவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது வெறும் பொருளாகத் தெரியாது.

மேற்கே போகிற நாள் என் மனதுக்கு நெருக்கமானது. பத்தமடை வழியாகப் போங்கள். கோரையை ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, கத்தியால் நூலளவுக்குக் கீறி, துணி மாதிரி மடிக்கிற பாய் நெய்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பெயரைப் போட்டு நெய்வதும் உண்டு. நெய்கிற வீட்டில் அனுமதி கேட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்தால், அருங்காட்சியகத்தில் கிடைக்காத ஒன்று கிடைக்கும், செய்கிற கையைப் பார்க்கலாம்.

அங்கிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர் தாண்டித் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடத்தில் நாறும்பூநாதர் கோயில். கோபுரத்தை வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள், விஷயம் அதற்குள்ளே இருக்கிறது. ஐந்து நிலைக் கோபுரத்தின் உள்சுவர்கள் முழுக்க ஓவியம், நடுவே செதுக்கிய மரத் தூண்கள். எல்லா நேரமும் திறந்துவிட மாட்டார்கள். கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, ஆள் துணையோடுதான் ஏற வேண்டும், இல்லையென்று சொன்னால் சண்டை போடாமல் வந்துவிடுங்கள், அது அந்த ஓவியத்தின் நல்லதுக்குத்தான். அனுமதி கிடைத்தால் பையைக் கீழேயே வைத்துவிட்டு ஏறுங்கள். படி குறுகல், திரும்பும்போது முதுகில் இருக்கும் பை சுவரில் உரசினால் ஓவியத்தில் கொஞ்சம் போய்விடும். பிளாஷ் அறவே கூடாது. கடலில் கப்பல், கப்பலில் குதிரைகள் வருகிற காட்சி ஒன்று இருக்கிறது. அரபு நாட்டுக் குதிரை நம் துறைமுகத்தில் இறங்கிய காலத்தை அந்தச் சுவரில் பார்க்கலாம். யானையும் குதிரையும் மோதுகிற போர்க் காட்சிகளும் உண்டு. ஓவியத்தைப் பார்க்கும்போது நடுவில் இருக்கும் அரசனையோ சாமியையோ விட்டுவிட்டு ஓரத்தில் இருக்கும் ஆட்களைப் பாருங்கள். குடை பிடிக்கிறவன் என்ன உடுத்தியிருக்கிறான், பெண்கள் கொண்டையை எந்தப் பக்கம் முடிந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். இறங்கி வந்தபின் ஆற்றங்கரையில் மருத மரத்தடியில் உட்காருங்கள், ஊர்க்காரர்கள் தொந்தரவு செய்யாமல் காப்பாற்றும் பறவைகள் அங்கே கூடு கட்டியிருக்கும்.

நேரம் மிச்சம் இருந்தால் மட்டும் குற்றாலம் சித்திர சபை. அருவிக் கூட்டத்தில் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை, அதனாலேயே அமைதியாக இருக்கும். சுவர் முழுக்க ஓவியம். வெளியே நின்று கூரையையும் பாருங்கள், சாரல் மழை அதிகம் இருக்கிற ஊர் என்பதால் மலையாளத்துப் பக்கம் மாதிரி சரிந்த கூரை.

கழுகுமலை கோவில்பட்டிப் பக்கம் இருக்கிறது. சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாகப் பாறையில், பலவற்றின் கீழே வட்டெழுத்து என்கிற பழைய எழுத்தில் செய்வித்தவர் பெயர், அதில் குரத்தி என்று சொல்லப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. அதே மலையில் இருக்கும் வெட்டுவான் கோயில் 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையைச் சுமார் 25 அடி ஆழத்துக்குச் சதுரமாக வெட்டி இறக்கி, நடுவில் விட்ட பாறையில் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சிகரம் முடிந்திருக்கிறது, மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருக்கிறார், கீழே வரவர வேலை குறைந்து அடியில் வெறும் கல். ஏன் நிறுத்தினார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நீங்கள் கதையை விட்டுவிட்டு, செதுக்கியது முடிந்து செதுக்காதது ஆரம்பிக்கிற இடத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒரு கோயில் எப்படி உண்டாகிறது என்பதை அந்த இடம் மாதிரி வேறெதுவும் காட்டாது.

சித்தி மகனின் மகள் அங்கேதான் நோட்டை எடுத்தாள். விமானத்தை வரைவாள் என்று நினைத்தேன். அவள் கீழே உட்கார்ந்து, முடியாமல் விட்ட அந்த அடிப்பாறையை, அதிலிருக்கும் உளித்தடம் ஒவ்வொன்றாக, முக்கால் மணி நேரம் வரைந்தாள். மேலே இருப்பதை வரையலையா என்று கேட்டேன். "அது அடுத்த தடவை, பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.